கடல் கடந்த குடும்பத் தலைவர்



கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் இரட்டைமலை சீனிவாசனாரை நினைவுகூர்தல் நம் கடமையாகும். வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த பெருந்தகை என அவரை நாம் போற்றுகின்றோம். அயல்நாட்டில் உழைத்து வாழ்ந்த குடும்பத்தலைவர் அவர் என்பதை மட்டும் அதிகம் பேசுவதில்லை. இன்று அதனையே பேச விழைகின்றோம்.

அவர் பிறந்த கோழியாளம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. நம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளும் அன்று அம்மாவட்டத்தில்தான் இருந்தன. கோயம்புத்தூரில் அவர் பயின்றபோது, தம் குலம் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, உடன் பயில்வோருடன் கலந்து பழகாமல் ஒதுங்கியே இருந்தார். இதனை அவரே தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் எழுதியுள்ளார். அத்தகைய அச்சத்தினூடே கற்ற கல்விதான் அவரை நீலகிரியில் கணக்கர் ஆக்கியது. 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கும் துணிவையும் அதுவே தந்தது. எப்பெயரைச் சொல்லக் கூசினாரோ அப்பெயரையே இதழின் தலைப்பாக்கினார்.

அரங்கநாயகி அம்மையாரை மணந்து இல்லறம் நடத்தியவர், நாற்பது வயதைக் கடந்தபின் கடல் கடந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை அடைந்தார். சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல்தான் 1860-ஆம் ஆண்டு நவம்பரில் அம்மண்ணில் முதன்முதலாக ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911-இல் அம்முறை நிறுத்தப்படும் வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தார். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்பியோர் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி சுமத்தப்பட்டது. பெரும் போராட்டத்தின் பின் 1914-இல்தான் அவ்வரி ஒழிந்தது.

அம்மண்ணில் சீனிவாசனார் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். கூண்டில் நிற்கும் கூலியாளின் துயரம் தமிழில் இருக்கும். தீர்ப்பு ஆங்கிலத்தில் வரும். இரண்டுக்கும் இடையே நின்று, ஒரு சொல்லும் சிதையாமல் கொண்டுசேர்க்க வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர். ஊரில் பெற்ற கல்வி அயலில் ஊமையாய் நின்றோர்க்கு நாவாயிற்று. 1921-இல் தாயகம் திரும்பினார். 1923-இல் சென்னை சட்டசபையில் உறுப்பினரானார். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் எல்லார்க்கும் உரிமை உண்டென்னும் தீர்மானத்தை 1924-இல் நிறைவேறச் செய்தார்.

அன்பர்களே, இன்று நம் சிப்காட் வளாகத்தைப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் உலைக்கூடங்களில் வேகின்றனர். ஈழத்திலிருந்து வந்த நம் உறவுகள் இங்குள்ள முகாமில் வாழ்கின்றனர். 2021-இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. ஆயினும் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்னும் குடியுரிமைக்குக் காத்திருக்கின்றனர். இவர்களை நம்மவரே சிலர் 'வந்தேறிகள்' என்று இகழக் கேட்கின்றோம். நேட்டாலில் நம் பாட்டன்மாரும் அப்படித்தான் இகழப்பட்டனர்.

"நம் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லையே" என்று கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், வந்தவன் ஏதுமறியாதவனாய் இருக்கும் வரை அவனைக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவர். அக்குறைந்த கூலியே நாளை நம் பிள்ளைக்கும் விதிக்கப்படும். அவன் கணக்குப் பார்க்கக் கற்றால் நம் கூலியும் காக்கப்படும்.

ஆகவே இரு வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். நம் மாலை வகுப்பில் இத்தொழிலாளர் பிள்ளைகளுக்கும் முகாம் பிள்ளைகளுக்கும் இடமளிப்போம். இந்தியும் ஒடியாவும் அறிந்த நம் இளைஞர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கழகத்தில் வைத்து, மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் மொழி தெரியாது தவிப்போர்க்குத் துணை நிற்போம். சீனிவாசனாருக்குச் சிலை உண்டு. 2000-ஆம் ஆண்டில் அஞ்சல்தலையும் வெளிவந்தது. அவர் செய்த தொழிலை நாம் தொடர்வோமாயின், அதுவே அவருக்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னமாகும்.