வீட்டில் துப்பாக்கி

(நம் சங்கத்தின் புரட்டாசி மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆயுத பூசை அணுகுகின்றது. நம்மவர் இல்லங்கள் சிலவற்றுள் அந்நாளில் ஏர்க்கொழுவும் அரிவாளும் வைக்கும் பலகையிலேயே துப்பாக்கியையும் வைத்துச் சந்தனப் பொட்டிடுவது வழக்கம். மலையடிவாரத்து நிலமுடையோர் பயிர்க்காவலின்பொருட்டு உரிமம் பெற்று வைத்திருப்பவை அவை. அவ்வழக்கத்தைக் குறைகூற யாம் எழுந்திலேம். பலகைமேல் வைக்கும்பொழுது அதன் குழலுள் மருந்து உண்டா, இல்லையா என்று கண்டறிந்தீர்களா எனக் கேட்கவே எழுந்தோம்.

எம் இளமையில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் கூறுவாம். எமக்கு அப்பொழுது பத்து வயது. எம் பாட்டனார் வீட்டுக் கூடத்தில், கதவின் பின்புறத்து ஆணியில், வாய்வழி மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று தொங்கும். பாட்டனார் விடியலிற் காவல் முடிந்து வந்ததும் அதன் கேப்பை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, துப்பாக்கியை மாட்டிவிட்டு நீராடச் செல்வார். மருந்தும் இரவையும் குழலுள்ளேயே கிடக்கும். கேப்பு இல்லையேல் வெடியாது என்பது அவர் துணிபு. ஒருநாள் இரவு அவர் உறங்கிய பின்னர்ப் புழைக்கடையிற் பன்றியின் அரவங் கேட்டு, எம் சிற்றப்பா துப்பாக்கியை எடுத்து வேறொரு கேப்பைப் பொருத்திக்கொண்டு சென்றார். பன்றி ஓடிவிட்டது. அவர் துப்பாக்கியை இருந்தவாறே மீண்டும் மாட்டினார். காலையிற் பாட்டனார் வழக்கம்போற் பார்த்து எடுப்பார் என்பது அவர் எண்ணம். தாம் எடுத்தது எடுத்ததே என்பது பாட்டனார் எண்ணம். மறுநாள் நண்பகலில் யாம் முக்காலியின்மேல் ஏறி அதனை இறக்கி, குதிரையை இரு கைகளாலும் இழுத்து, விசையைத் தொட்டோம். எதிரே நெற்குலுக்கையின் அருகில் விளையாடிக்கொண்டிருந்த எம் தங்கை, அன்னையார் உணவுக்கு அழைத்தமையால் அப்பொழுதுதான் அடுக்களைக்குட் சென்றிருந்தாள். குலுக்கை உடைந்து நெல் கொட்டியது. எம்மை ஒருவரும் அடித்திலர். பாட்டனாரும் சிற்றப்பாவும் திண்ணையில் அமர்ந்து, "நீ எடுத்திருப்பாய் என்றிருந்தேன்", "நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்றிருந்தேன்" என்று மாறி மாறிக் கூறிக்கொண்டிருந்தது இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

இருவரும் கவனமற்றவர் அல்லர். ஒருவர் நினைவை மற்றொருவர் நம்பினார், அவ்வளவே. மருந்து கெட்டித்த துப்பாக்கி வீட்டினுள் இருக்கும்வரை, வீட்டார் உயிரனைத்தும் யாரோ ஒருவரின் நினைவைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஆதலின் கெட்டித்த துப்பாக்கி வீட்டு வாயிற்படியைத் தாண்டுதல் கூடாது என்பதே யாம் கூறவந்தது. கெட்டித்ததை எங்ஙனம் காத்து வைப்பது என்று வினவுவோர்க்கு, கெட்டித்ததை வைக்கவே வேண்டா என்பது எம் விடை.

நாட்டுத் துப்பாக்கியில் இவ்விதி கடினமானது என்பதை அறிவோம். பன்னிரண்டு போர் இரட்டைக்குழலாயின், முறித்துத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டுக் குழலின் வழியே வெளிச்சம் பார்க்கலாம். ஒரு குழலைச் சுட்டபின் மற்றையதிற் கிடப்பதை மறந்துவிடுவதே அதிலுள்ள பொல்லாங்கு. வாய்வழிக் கெட்டிப்பதிலோ உள்ளே புகுந்த மருந்தைத் திரும்ப எடுத்தல் எளிதன்று. அதனாலன்றோ நம் முன்னோர் கேப்பை மட்டும் கழற்றிவிட்டு அமைந்தனர்! ஆனால் கருமருந்தின் இயல்பு என்ன? நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பும், 15 பங்கு கரியும், 10 பங்கு கந்தகமும் கலந்தது அது. ஈரம் படாதவரையில் ஆண்டு பல கடந்தும் தன் ஆற்றலை இழவாது. பாட்டன் கெட்டித்தது பேரன் கையில் வெடித்தல் இயலாததன்று. ஈரம் பட்டாலோ குழலின் உட்புறத்தை அரிக்கும். அரிக்கப்பட்ட குழல் சுடுபவன் முகத்திலேயே வெடிக்கக்கூடும்.

உள்ளே மருந்து உண்டோ என அறிய எளிய வழி ஒன்றுண்டு. துப்பாக்கி வெறுமையாக இருக்கும்போது மருந்து இடிக்கும் கோலை அடிவரை செலுத்தி, குழல்வாய் வருமிடத்திற் கோலின்மேல் ஒரு கீற்று இட்டுக்கொள்க. பின்னர் எப்போது செலுத்தினும் அக்கீற்று வாய்க்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கின்றது என்பது தெளிவு. கேப்பைக் கழற்றிய பின்னரே, குழல்வாய்க்கு நேரே முகமும் உடம்பும் வாராதபடி ஒதுங்கிநின்று இதனைச் செய்க. மருந்து இருப்பின், கோல் நுனியில் திருகு பூட்டி அதனை எடுக்கத் தெரிந்த, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடமே ஒப்புவிக்க. அறியாதார் கம்பியால் நோண்டுதல் பெரும் பிழை.

காவலுக்குச் செல்வோர் பரணில் ஏறுங்கால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுகின்றனர். அல்லது மேலே ஏறியபின் குழல்வாயைப் பற்றித் தம் மார்பை நோக்கி இழுக்கின்றனர். குதிரை ஒரு கிளையில் மாட்டினாற் போதும். வேலி தாண்டும்போதும் வரப்பில் வழுக்கும்போதும் அஃதே. மேலே ஏறி அமர்ந்தபின், கெட்டியாத துப்பாக்கியைக் கயிற்றாற் கட்டை முன்னாகத் தூக்கி, அங்கேயே கெட்டித்தல் வேண்டும்.

வேட்டையைப் பற்றியும் ஒரு சொல். நீலகிரியில் 1879 ஆம் ஆண்டிலேயே வேட்டைக்குப் பருவம் வரையறுக்கும் சட்டம் வந்தது. பின்னர் வந்த 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை விலக்கப்பட்டுள்ளது. ஆகவே பாரிவேட்டைப் பெருமையைப் பேசிக்கொண்டு துப்பாக்கியுடன் காடு புகுதல் இன்று குற்றம். வேட்டைப் பருவமுள்ள நாடுகளுக்குக் குடியேறிய நம் பிள்ளைகள் அந்நாட்டு விதியைக் கற்றுக்கொள்க. கனடாவில் 1998 ஆம் ஆண்டு விதிகளின்படி, வேட்டைத் துப்பாக்கியை வீட்டில் வைப்பதும் வண்டியிற் கொண்டுசெல்வதும் தோட்டா இன்றியே நிகழ்தல் வேண்டும். திருமண வீட்டில் வானை நோக்கிச் சுடும் வீறாப்பும் ஒழிக. 2019 ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின்னர், பிறருயிர்க்கு ஊறு நேருமாறு கொண்டாட்டத்திற் சுடுவோர்க்கு ஈராண்டுவரை சிறையும் ஓரிலக்க ரூபாய்வரை தண்டமும் விதிக்கப்படலாம்.

"கள்வன் வந்தால் மருந்து கெட்டிக்கவா நேரம்?" என்று வினவுவார் உளர். நாட்டுத் துப்பாக்கியாற் கள்வனை எதிர்ப்பவர், இருளிற் புழைக்கடைக்குச் சென்று மீளும் தம் மகனையே கள்வனென்று எண்ணல் கூடும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. தாய்மார்கள் இருக்கும் அவையாயினும் கூறாது விடுதற்கில்லை. சினமும், குடிமயக்கமும், உயிரை வெறுக்கச் செய்யும் துயரமும் பெரும்பாலும் சிறிது காலத்தில் தணிவன. அக்காலத்திற் கைக்கெட்டுவது வெறுங்குழலாயின், மறுநாட்காலை அம்மனிதர் நம்மோடு உண்பார். மனம் நொந்த ஒருவர் இருக்கும் வீட்டிலிருந்து துப்பாக்கியை முற்றும் அகற்றுதலே தகும். உரிமம் பெற்ற வணிகரிடமோ காவல் நிலையத்திலோ அதனை ஒப்படைக்கலாம்.

மேடைகளில் நம்மவர் ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற புறநானூற்றுப் பாட்டை எடுத்துக்காட்டி, படைக்கலத்திற்குப் பீலி சூட்டி நெய்பூசி வைத்தலே மறக்குடிப் பண்பு என்பர். அவ்வாறு வைத்திருந்த தொண்டைமானை அவர் புகழ்வதுபோல் இகழ்ந்தார் என்பதை ஏனோ சொல்வதில்லை! ஆயினும் அப்படைக்கலங்கள் காவலுடைய மனையில் இருந்தன என்றும் அப்பாட்டுக் கூறுகின்றது. அக்காவல் நம் வீட்டிற்கும் வேண்டும். இரட்டைக்குழலாயின் குழலையும் கட்டையையும் பிரித்து வேறுவேறு பெட்டிகளிற் பூட்டுக. மருந்தும் கேப்பும் தோட்டாவும் மற்றோரிடத்தில், அடுப்பிற்குச் சேய்மையில், பூட்டுடன் இருத்தல் வேண்டும். திறவுகோல் உரிமமுடையார் இடுப்பிலன்றிச் சாமி படத்தின் பின்னே இருத்தலாகாது. அவ்விடத்தை அறியாத குழந்தை எவ்வூரிலும் இல்லை.

உரிமமுடையார் காலமான வீடுகளிற் பரண்மேற் கிடப்பவற்றையும் மறவற்க. 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, வைத்திருக்கும் உரிமை ஒழிந்ததும் காலம் தாழ்த்தாது அதனை ஒப்படைத்தல் வேண்டும். எம் பாட்டனார் மறைந்த பதினாறாம் நாளுக்கு முன்னரே எம் சிற்றப்பா அவ்வாறு ஒப்படைத்து, பற்றுச்சீட்டை எமக்குக் காட்டினார். பரண்மேல் இருப்பதை இறக்கத் தயங்குவோர் தாமே அதனைத் தொடாது, பூசைக்கு முன்னர்ச் சங்கச் செயலாளரிடம் சொல்லுக. அவரும் யாமும் உடன்வந்து காவல் நிலையத்தில் அறிவித்து, அவர்கள் சொல்லும் முறைப்படி எடுத்துச் செல்ல ஆவன செய்வோம்.