மழைவெள்ளமும் நமது முன்னேற்பாடும்

(தாம்பரத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



ஐப்பசி பிறக்கவிருக்கும் இச்சமயத்தில் மழையைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் நம்மைப் பணித்தனர். கல்யாணமும் கல்வி நிதியும் பேசவேண்டிய இடத்தில் மழைப் பேச்சு எதற்கு எனச் சிலர் நகைக்கலாம். 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ஆம் தேதி இரவை முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கழித்தோர் நகையார்.

மறுநாட் காலையுடன் முடிந்த அவ்வொரு தினத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நவம்பர் மாதத்து மழையிலேயே ஏரிகள் நிரம்பிவிட்டமையால், புதுநீர் தங்குதற்கு இடமில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டதும் யாவரும் அறிந்ததே. ஆயின், முடிச்சூரை மூழ்கடித்தது அந்நீரே என்று நம்மவருட் பலர் இன்றளவும் எண்ணியிருக்கின்றனர். அத்தப்பெண்ணத்தை நீக்குவதே நமது முக்கிய நோக்கமாம்.

செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றிற் கலப்பது திருநீர்மலைக்கு அருகில். முடிச்சூரோ ஆற்றின் போக்கில் அதற்கு மேலே உள்ளது. கீழே ஆறு நிறைந்து நின்றால் மேல்நீர் வடியத் தாமதமாகும் என்பது மெய்யே. எனினும் நம் வாசலுக்கு வந்தது, மலைப்பட்டு, மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகளின் பக்கமிருந்து பெருகிய நீரும், நம் தலைமேற் பெய்த நீருமேயாம். மதகு திறப்பதற்கு அறிவிப்பு உண்டு. கலங்கல் வழிந்தோடும் ஏரிக்குத் தண்டோராப் போடுவார் யார்?

நாமே அவ்விரவு செம்பரம்பாக்கத்துச் செய்தியை எதிர்நோக்கி உட்கார்ந்திருந்தோம். அவ்வேளையிற் பின்கட்டில் நீர் புகுந்துவிட்டது. அரிசி மூட்டை போயிற்று, வீட்டுப் பத்திரங்கள் நனைந்தன, அவை போகட்டும். நடக்கமாட்டாத நம் தாயாரை இருட்டில் மாடிக்குத் தூக்கிச் சென்றபோது நீர் இடுப்பளவு. மாலையிலேயே அவரை மேலே அமர்த்தியிருக்கலாம்.

கிழக்குத் தாம்பரத்தார் தமக்கு அடையாறு தூரமென்று வாளா இருத்தலும் தகாது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கத்து ஏரிகளின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிச் செல்வது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே கடலை நாடுவது. கடல் உயர்ந்திருக்கையில் அது விரைந்து வடியாது. 2023-ஆம் வருஷத்து மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பட்ட பாட்டை நேரிற் கண்டோம்.

ஆதலால், வானிலை இலாகாவார் சிவப்பு எச்சரிக்கை விடுத்தவுடன், ஏரிச் செய்திக்குக் காத்திராமல், பொழுது சாய்வதற்குள் முதியோரையும் குழந்தைகளையும் மருந்துகளையும் பத்திரங்களையும் மேல்மாடிக்கு அனுப்பிவிட வேண்டும். நீர் வாசற்படியை எட்டுமுன் மின்சார மெயின் சுவிட்சை அணைத்தல் அவசியம். ஈரக் காலோடு நின்று அதனைத் தொடலாகாது. ஓடும் நீர் ஓரடி இருப்பினே சிறிய மோட்டார் காரை மிதக்கச் செய்யும். வெள்ளம் வேடிக்கை பார்க்கச் செல்லும் வாலிபர்களை என்னென்பது! நீர் வடிந்தபின் தரைத்தொட்டியில் சாக்கடை கலந்திருக்குமாதலால், அதனைக் கழுவிச் சுத்தஞ் செய்யாமல் உபயோகித்தல் கூடாது; குடிநீரைக் காய்ச்சியே பருகல் வேண்டும். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டறையின் 1077 என்னும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வீர்களாக.

நிற்க. நமது கட்டிடத்தின் மேல்மாடியை மார்கழி முடியுமளவும் இரவிலும் பூட்டாது வைக்க நிர்வாகிகள் இசைந்துள்ளனர். சங்கத்தாரேயன்றி அண்டை அயலார் எவரும் வந்து தங்கலாம். கீழ்த்தளத்தில் வசிக்கும் முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் ஆகியோரின் பெயரும் விலாசமும் எழுதுவதற்கு வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டிருக்கிறது. சிற்றுண்டிக்குப் போகுமுன் அதில் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.