நீண்ட நாள் வாழும் புழு



கொல்கத்தாவின் வடக்கே, பராக்பூர் டிரங்க் ரோட்டில், இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. புள்ளியியலாளர் மகலனோபிஸ் அழைக்க, 1957-ல் லண்டனை விட்டு இங்கே வந்து சேர்ந்தார் உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

முதுமையைப் பற்றி அவர் 1941-லேயே ஒரு வித்து போட்டிருந்தார். ஹன்டிங்டன் நோய் கொடியது, பரம்பரையாக வருவது. அது ஏன் அழியவில்லை? பெரும்பாலும் நடுவயதில்தான் தலைகாட்டுகிறது. அதற்குள் பிள்ளை பிறந்து, மரபணுவும் கைமாறிவிடுகிறது. பிந்தி வரும் கேட்டை இயற்கைத் தேர்வு அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. முதுமையே இப்படி வந்ததுதானோ என்று 1952-ல் உயிரியலாளர் மெடாவர் இதை விரித்தார்.

உடலுக்குள் நடப்பது என்ன? 1956-ல் டென்ஹாம் ஹார்மன் ஆக்சிஜனைக் கைகாட்டினார். அடுப்பெரியும் வீட்டில் கரி படியத்தானே செய்யும்? செல் உணவை எரிக்கும்போது தெறிக்கும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்கள்) புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சிதைக்கின்றன என்றார்.

சோதித்துப் பார்க்க வாகான பிராணி, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மண்வாசி: சி. எலிகன்ஸ் என்னும் உருளைப்புழு. ஆயுள் மூன்று வாரம் போல. 1993-ல் சிந்தியா கென்யன் குழு, டாஃப்-2 என்ற ஒற்றை மரபணு பழுதான புழுக்கள் இருமடங்கு வாழ்வதைக் காட்டியது. இன்சுலின் போன்ற சமிக்ஞையை வாங்கும் ஏற்பியை உருவாக்கும் மரபணு அது. அது தளர்ந்தால் டாஃப்-16 என்ற இன்னொரு மரபணு விழித்து, ஆக்சிஜன் சேதத்தைத் தடுக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. ஹார்மன் ஜெயித்துவிட்டார் என்றே தோன்றியது.

ஆனால் புழு அவ்வளவு சுலபமாகச் சொன்னபடி கேட்கவில்லை. அத்தகைய நொதிகளில் ஒன்றான சாட்-2-ஐயே நீக்கிப் பார்த்தார்கள் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில். 2009-ல் முடிவு வந்தது. புழு சீக்கிரம் சாகவில்லை, கூடுதலாக வாழ்ந்தது! மிதமான சேதம் உடலின் தற்காப்பைத் தட்டியெழுப்புகிறது போலும். ஆன்டி-ஆக்சிடன்ட் என்று அச்சிட்ட டப்பாவுக்குக் காசை எண்ணிக் கொடுக்குமுன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, ஒரு மரபணுவைத் தளர்த்தினால் ஆயுள் கூடுமென்றால், இயற்கை ஏன் அதைச் செய்யவில்லை? 2004-ல் நெடுநாள் வாழும் டாஃப்-2 புழுக்களையும் சாதாரணப் புழுக்களையும் ஒன்றாக வளர்த்தார்கள். நான்கே தலைமுறையில் நெடுநாள் புழுக்கள் பூண்டற்றுப் போயின. இளமையில் அவை ஈனும் குஞ்சுகள் குறைவு.