இரண்டு பில், எத்தனை விடை?

ஊரில் நாங்கள் ஒருங்கமை சமன்பாடு என்று படித்ததைத்தான் இங்கே எங்கள் பிள்ளைகள் லிசேயில் 'சிஸ்டெம்' என்று படிக்கிறார்கள். கணக்கு மிகப் பழையது. கி.பி. 850 அளவில், கர்நாடகத்தில் அமோகவர்ஷ மன்னன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் தமது 'கணித சார சங்கிரகம்' நூலில் இதைப் போட்டிருக்கிறார். சென்னைப் பேராசிரியர் ரங்காச்சாரியார் 1912இல் அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார்.

9 நாரத்தை, 7 விளாம்பழம், விலை 107. 7 நாரத்தை, 9 விளாம்பழம், விலை 101. காசு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் என்ன விலை?

இரண்டையும் கூட்டினால் 16 சோடி 208. ஒரு சோடி 13. கழித்தால் 2 நாரத்தை 2 விளாம்பழத்தைவிட 6 காசு கூட; ஒன்றுக்கு 3 கூட. ஆக நாரத்தை 8, விளாம்பழம் 5. வேறு விடை கிடையாது.

இதையே லாச்சப்பல் கடை பில்லாக நினையுங்கள். இரண்டாவது பில்லில் 18 நாரத்தை, 14 விளாம்பழம், 214 என்று இருந்தால்? தாள் இரண்டு, செய்தி ஒன்று. விடைகள் முடிவில்லாமல் வரும். அதே பழங்களுக்கு 220 என்று இருந்தால் ஒன்றை மற்றது மறுக்கிறது; விடையே இல்லை.

கணக்காளர் என்பதால் என்னிடம் சிலர் கட்டாகத் தாள் கொண்டுவருவார்கள். பாதி, மற்றப் பாதியின் பிரதி! தாளை எண்ணிப் பயனில்லை, ஒவ்வொன்றும் புதிதாக என்ன சொல்கிறது என்றுதான் பார்க்கவேண்டும். முரண்பட்ட தாள்கள் என்றால் எவராலும் தொகை எடுக்க முடியாது. எது பிழை என்று கண்டுபிடித்த பிறகுதான் கணக்கு.

ஒன்று, இல்லை, எண்ணற்றவை. சரியாக இரண்டு விடை ஏன் வராது? முதல் பில்லை மட்டும் எடுங்கள். 8உம் 5உம் பொருந்தும். 1உம் 14உம் பொருந்தும். அப்படியானால் நடுவில் உள்ள நாலரையும் ஒன்பதரையும் பொருந்தும், போட்டுப் பாருங்கள். அந்த நடுவுக்கும் ஒரு நடு உண்டு. இரண்டு வந்துவிட்டால் பிறகு நிற்காது. கடைக்காரர் முழுக் காசுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மாத்திரம் இரண்டோடு நிற்கும். அது வேறு பாடம்.

ஆகவே பிள்ளை கொப்பியில் 'விடை இல்லை' என்று எழுதியிருந்தால் உடனே ஏசிவிடாதீர்கள். அதுவும் முழு விடைதான். ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்த மாதம்வரை யோசிக்க ஒன்று. மகாவீரரின் இரண்டு பில்லோடு மூன்றாவதாக 16 நாரத்தை, 16 விளாம்பழம், 208 என்று ஒரு பில் வருகிறது. அது புதிதாக ஏதும் சொல்கிறதா? 210 என்று வந்தால்?