வழிநடையும் மனப்பாடமும்



கையில் காசின்றி ஐரோப்பாவைச் சுற்றி வந்தவர் பலர். அவர்களுள் கவிதை அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டியவர் பாட்ரிக் லீ ஃபெர்மர் என்னும் ஆங்கிலேயர். 1933 டிசம்பரில், பதினெட்டாம் வயதில், இலண்டனில் கப்பலேறி ஹாலந்துக் கரையில் இறங்கினார். அங்கிருந்து கான்ஸ்டான்டிநோபிள்வரை நடந்தே செல்வது அவர் எண்ணம். காய்கனிக் கடைக்காரர் மகளின் கையைப் பற்றியிருந்த குற்றத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். பள்ளி தந்த இலத்தீன் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

செலவுக்கு வாரம் ஒரு பவுன். கடும் மழையிலும் பனியிலும் மட்டுமே வண்டிகளில் இடம் கேட்டு ஏறலாம் என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட விதி. ஹாலந்தில் ஏழை வழிப்போக்கர் காவல் நிலையத்தில் இடம் கேட்டால், சிறையறை ஒன்றில் படுக்கவிட்டு, காலையில் காப்பியும் ரொட்டியும் தந்து அனுப்பும் வழக்கம் இருந்தது. ஜெர்மனியில் ஊர்த்தலைவர் ஒரு சீட்டு எழுதித் தருவார். அதை விடுதியில் காட்டினால் உணவும் படுக்கையும் ஊர்ச் செலவில் கிடைக்கும்.

ஆனால், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஓராண்டும் நிறையாத காலம் அது. வழியில் ஓர் ஊரில் ஒரு தொழிலாளி தம் அறையிலேயே அவருக்கு இடம் கொடுத்தார். சுவரெங்கும் நாஜிக் கொடிகள், ஹிட்லர் படங்கள். சென்ற ஆண்டு இதே சுவரில் செங்கொடியும் லெனின் படமும் இருந்தன என்று அத்தொழிலாளியே சொன்னாராம். அவருடைய விருந்தோம்பலில் குறையேதுமில்லை. நூலில் மிகவும் அச்சமூட்டும் பகுதி இதுவே எனலாம்.

மியூனிக் நகரில் இளைஞர் விடுதியிலிருந்து அவர் பை களவு போயிற்று. பணம், கடவுச்சீட்டு, நாட்குறிப்பு, நூல்கள் யாவும் போயின. பிரிட்டிஷ் தூதரக அலுவலர் ஐந்து பவுன் கடன் கொடுத்தார். பால்டிக் கரையிலிருந்து புலம்பெயர்ந்து நகருக்கு அருகே வாழ்ந்த பிரபு ஒருவர் தம் வீட்டில் தங்கவைத்து, 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சான, கைக்கடக்கமான ஹோரஸ் கவிதை நூலொன்றைப் பரிசளித்தார். வழியிலுள்ள நண்பர்களுக்கும் கடிதம் எழுதினார். பரிசில் பெற்ற பாணன் பிறிதொரு பாணனை ஆற்றுப்படுத்துவது தமிழ் மரபு; இங்கே புரவலரே அடுத்த புரவலரிடம் ஆற்றுப்படுத்தினார். மாளிகைகள் எல்லா ஊரிலும் கிடைத்துவிடவில்லை. வியன்னாவில் பணம் வந்துசேராதபோது வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டி, உருவப்படம் வரைந்து கொடுத்துப் பிழைத்தார்.

நடக்கையில் கவிதைகளை உரக்கச் சொல்லிக்கொண்டே செல்வது அவர் பழக்கம். ஷேக்ஸ்பியர், கீட்ஸ், ஹோரஸ் என அவர் தரும் பட்டியல் நீண்டது. மியூனிக் திருடனால் கொண்டுபோக முடியாத உடைமை அது. மனப்பாடம் பள்ளிப் பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கும் இன்றைய கவிஞர்கள் இதன் பின்கதையையும் கேட்க வேண்டும்.

பத்தாண்டுகள் சென்றன. போர் மூண்டு, ஜெர்மானியர் கிரீட் தீவைப் பிடித்திருந்தனர். 1944 ஏப்ரலில் லீ ஃபெர்மரும் தோழர்களும் ஜெனரல் கிரைப்பேயைக் கடத்தி மலைக்குக் கொண்டுசென்றனர். ஒரு விடியலில், ஈடா மலையின் பனிமுடியைப் பார்த்த கைதி, பனி மூடிய சொராக்டி மலையைப் பாடும் ஹோரஸின் கவிதையில் முதலடியை முணுமுணுத்தார். காவலிருந்தவர் அடுத்த அடியிலிருந்து தொடங்கி இறுதிவரை சொல்லி முடித்தார். ஜெனரலின் பார்வை மலையை விட்டு அவர் பக்கம் திரும்பியது. சற்று நேரம் அங்கே போர் நின்றுபோயிருந்தது என்று லீ ஃபெர்மர் பின்னாளில் எழுதினார். போர் நிற்கவில்லை என்பதைக் கிரீட்டின் எரிந்த கிராமங்கள் அறியும்.

பயண நூலின் முதற்பகுதி 1977இல்தான் வெளிவந்தது. ஹாலந்து முதல் மியூனிக்வரையிலான நாட்குறிப்பு களவு போனதால், அப்பகுதி நாற்பது ஆண்டு கடந்த நினைவிலிருந்தே எழுதப்பட்டது. பதினெட்டு வயதின் கண்ணும் அறுபது வயதின் சொல்லும் அதில் பிரிக்க இயலாதபடி கலந்துள்ளன. அவர் சிலவற்றை இணைத்தும் மெருகிட்டும் எழுதினார் என்பதை ஆர்ட்டெமிஸ் கூப்பரின் வாழ்க்கை வரலாறு 2012இல் காட்டியது. சான்றாவணமாகக் கொள்வோர்க்கு அது குறை. கவிதை படிப்போர்க்கு அத்துணைக் குறையன்று.

இரண்டாம் பகுதி 1986இல் வந்தது. மூன்றாம் பகுதியை 2011இல் மறையும்வரை திருத்திக்கொண்டிருந்தார். 2013இல் அச்சேறிய அந்நூலில், பயணக்கதை கான்ஸ்டான்டிநோபிளை எட்டுமுன்பே, கருங்கடற்கரையில் ஒரு வாக்கியத்தின் நடுவே நின்றுவிடுகிறது.