ஜாவர் எழுதிய கடைசிக் குறிப்பு



நாவலிலிருந்து பிறந்த நாடகங்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தீர்கள். உலகமே கொண்டாடும் ஒரு சங்கீத நாடகம் எனக்கு ரசிக்கவில்லை என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட 'லே மிசராப்ளே'யை, சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்ததால் அறிந்தவர் நம்மிலே பலர்; 1950-இல் அது படமானபோது போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு, அந்தப் பெயரே ஆயுள் முழுவதும் அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. அதே கதை ஷோன்பெர்க்கின் இசையோடு 1980-இல் பாரிஸிலும் 1985-இல் லண்டனிலும் மேடையேறிற்று. லண்டன் விமர்சகர்கள் பலர் கரித்துக்கொட்டினார்கள். ஜனங்களோ திரண்டு வந்தார்கள். சில வருஷங்கள் கழித்து என் மருமகப்பிள்ளை, கணிசமான விலை கொடுத்து டிக்கெட் வாங்கி என்னையும் அழைத்துப் போனார். மேடை வட்டமாகச் சுழன்றது. பக்கத்து ஆசனத்து அம்மையார் இடைவேளைக்கு முன்பே கைக்குட்டையை நனைத்துவிட்டார். நான் மட்டும் ஜாவரின் முடிவுக்காகக் காத்திருந்தேன்.

நாவலில் அந்த இடம் எப்படி வருகிறது? காலமெல்லாம் தாம் வேட்டையாடிய கைதி ஜான் வால்ஜானே தம் உயிரைக் காத்துவிட்டதால், அவனைப் பிடிப்பதும் பாவம், விடுவதும் குற்றம் என்று மனம் பிளந்து ஸேன் நதிக்கரையில் நின்ற ஜாவர், உடனே நீரில் குதித்துவிடவில்லை. அருகிலிருந்த காவல் நிலையத்துக்குப் போய், பேனாவும் காகிதமும் எடுத்து, இலாகாவின் நன்மையை உத்தேசித்துப் பத்துக் குறிப்புகள் எழுதுகிறார்: விசாரணையிலிருந்து வரும் கைதிகளைச் சோதனையிடும்போது வெறுங்காலோடு கல்தரையில் நிறுத்துவதால் பலர் இருமலோடு சிறைக்குத் திரும்புகிறார்கள், நெசவுக்கூடத்தில் ஓர் இழை அறுந்ததற்குப் பத்துக் காசு பிடிப்பது அக்கிரமம், துணிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. இப்படி எழுதி, பதவியும் தேதியும் நேரமும் குறித்துக் கையொப்பமிட்டு, மடித்து முத்திரை வைத்து மேஜைமேல் விட்டுவிட்டுத்தான் சாகப் போகிறார். சட்டத்தையே சுவாசித்த மனிதன் தன் கடைசி நாழிகையில் கைதியின் பாதத்துச் சில்லிப்பை நினைக்கிறானே, அந்த வறண்ட அலுவலகக் காகிதத்தில்தான் என் ஹிருதயம் கிடக்கிறது.

மேடையில் ஜாவர் பாலத்தின்மேல் நின்று பாடினார், விழுந்தார். முன்பு வால்ஜான் மனம் திரும்பிய மெட்டிலேயே இவரைப் பாடவைத்தது சாதுரியமான யுக்திதான், மறுக்கவில்லை. ஆனாலும் காகிதம் வரவில்லை.

"வள்ளி திருமணத்தை விடிய விடியக் கேட்டவர் பாட்டைக் குறைசொல்லலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். தினைப்புனத்தில் வேடனும் வள்ளியும் பாட்டிலேயே தர்க்கத்தில் இறங்கிவிட்டால் கதை ஓர் அடியும் நகராது. நகரவேண்டுமென்று யாரும் கேட்பதுமில்லை. அங்கே பாட்டு கதையை நிறுத்திவைத்து நம்மை அதில் திளைக்கவிடுகிறது. லண்டனிலோ ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கதையை சுமார் மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பாரவண்டி மாடாகப் பாட்டு இழுக்கிறது. இது என் ரசனையின் கோணலாகவும் இருக்கலாம். அந்த அம்மையாரின் கண்ணீர் பொய்யென்று சொல்ல நான் யார்?

வெளியே வந்ததும், "எப்படி இருந்தது மாமா?" என்றார் மாப்பிள்ளை. டிக்கெட்டின் விலை நினைவுக்கு வந்தது.

"மேடை பிரமாதமாகச் சுழன்றது, மாப்பிள்ளை" என்றேன்.