ஒரு நாள் சம்பளம்

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் கிளார்க்காக இருந்தவன், கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மா மார்பில் கட்டி இருப்பதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பயம் பாதி. நாலு வீட்டிலும் சம்பளம் பிடிப்பார்களே என்பது மீதி. அந்த நாலில் எங்கள் வீடும் ஒன்று.

காப்பீட்டு அட்டையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், அதுவும் பல வாரம். பஸ் செலவும் துணைக்கு வரும் மகளின் கூலியும் எந்த அட்டையிலும் வராது. (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தகவல்: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயில் ஸ்லீப்பரில் கட்டணமே கிடையாது. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் சலுகை.)

அதே வருஷம் என் தங்கைக்கும் அதே நோய். பத்தே நாளில் நிபுணரைப் பார்த்துவிட்டோம். தங்கை இன்று பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். அந்த அம்மா இல்லை.

30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனை இலவசம். நம் குடியிருப்பில் வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கொடுப்போம். ஒரு வீடு மட்டும் கொடுத்தால் பிரயோஜனமில்லை, எல்லா வீடும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். தேதியைச் செயலாளர் நோட்டீஸ் போர்டில் போடுவார்.